பதினெட்டு பாக்கெட் கோட்டு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு இடுப்புவலியைத் தவிர வேறு குறையில்லை. தையல்காரிக்கு இடுப்புவலி இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும். உன் இருமல் நின்றதா? கம்பளி கொடுத்தார்களா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் சிறை அலுவலர் ஐயாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லு.

கடையில் ஜிப் மாற்றுவதும் பேன்ட் அடி மடிப்பதுமாகப் பகல் போய்விடுகிறது. வீட்டுக்குள் வந்து பார்த்தாயானால்தான் பயந்துவிடுவாய். ஜூன் மாதம் வேஷக் கூட்டம் வருகிறதல்லவா? காமிக்ஸ் பைத்தியங்களும் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியங்களும் அவரவருக்குப் பிடித்த பாத்திரத்தின் உடுப்பில் வந்து கூடுவார்களே, அதற்கு இந்த வருஷம் ஏழு ஆர்டர். பல் டாக்டர் ஒருவர் டிராகன் ஆகப் போகிறார். இறக்கை விரியவும் வேண்டும், மடங்கவும் வேண்டும், அதோடு காரிலும் ஏற வேண்டும். பழைய குடைக் கம்பிகளைப் பிரித்துப் பச்சை சாட்டினுக்குள் ஓட்டித் தைத்தேன். போட்டுப் பார்க்கும்போது ஒரு இறக்கை படாரென்று விரிந்து அவர் மனைவியின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. "பல்லு பிடுங்கும்போதும் இதையே போட்டுக்குங்க, வர்றவங்க தானா வாயைத் திறப்பாங்க" என்றார் அந்த அம்மா. நூலகத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு ரோபோ உடுப்பு. ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்தாயிற்று. அதில் நிற்கலாம், நடக்கலாம், உட்காரத்தான் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சிட்டு வந்திருந்தாள். நீயும் அவளும் விழுந்து விழுந்து விளையாடுவீர்களே அந்த விண்வெளி விளையாட்டு, அதில் பழுதான கப்பல்களைச் சரிசெய்கிற தளபதி, உடம்பெல்லாம் பாக்கெட், அவளுடைய கோட்டு வேண்டுமாம். "அப்பாதான் வரையணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் உன் மகள். வரைந்து அனுப்பு.

அந்த விபத்து நடந்து ஜூன் வந்தால் மூன்று வருஷம். இன்னும் இரண்டு. போகத்தானே செய்யும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. கம்பளிதான் வரவில்லை, வெயில் முந்திக்கொண்டது. உன் இடுப்புக்கு அந்த உயரமான நாற்காலியை மாற்று என்று எத்தனை முறை சொல்வது?

ஒரு செய்தி, சிரிக்காதே. என்னைச் சமையல்கட்டிலிருந்து தையல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பட்டன் அறுந்தால் சட்டையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் ஓடி வருவேனே, அதே ஆள்தான் இப்போது ஒரு நாளைக்கு இருபது தலையணை உறை தைக்கிறான். நீண்ட கொட்டகைக்குள் முப்பது மிஷின். கத்தரிக்கோல்களைச் சங்கிலியால் மேஜையோடு பூட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் ஊசியை எண்ணி ஒப்படைக்க வேண்டும். போன வாரம் ஒரு ஊசி குறைந்து, எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து ஒரு மணி நேரம் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் அது பிரிவு அதிகாரியின் தொப்பியிலேயே குத்தியிருந்தது. அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அறைக்கு வந்துதான் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

கோட்டை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பாக்கெட் மொத்தம் பதினெட்டு. நெஞ்சில் நாலு, கையில் ஆறு, மற்றதெல்லாம் இடுப்புக்குக் கீழே. வெளியே சாம்பல் நிறம், உள்ளே ஆரஞ்சு லைனிங். தோளில் பஞ்சு வைத்து மூன்று வரிசைத் தையல் போடு. தலைக்கு ஹெல்மெட் வேண்டும், கண்ணாடி கறுப்பாக இருக்கட்டும்.

சிட்டுவின் அளவுகளை எழுது. இங்கே பழைய காகிதத்தில் நானே கட்டிங் போட்டுப் பார்க்கப் போகிறேன். சிறைக்குள் அவளை அழைத்து வர வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் நான்தான் சொல்லி அனுப்பினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு வரி எழுதலாமே? எழுதச் சொல்லு.

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

தையல்கார மகராசனே, வாழ்க! கடிதத்தைக் கடையிலேயே படித்துவிட்டேன். "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்று ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் இருக்கும் பெண் கேட்டாள். தம்பிக்கு வேலை மாற்றம் என்றேன். பொய்யா சொன்னேன்?

நீ கேட்ட அளவு: தோள் பன்னிரண்டு, மார்பு இருபத்தைந்து, கை நீளம் பதினேழு, கோட்டின் முழு உயரம் முப்பது. எல்லாம் இஞ்ச்.

சாம்பல் துணிக்கு அலைந்து திரிந்து கடைசியில் சோபா உறைத் துணியில் கிடைத்தது. நல்ல கனம், ஊசி இரண்டு முறை ஒடிந்தது. பாக்கெட் மூடிக்கு உள்ளே கேன்வாஸ் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் நாய்க்காது மாதிரி தொங்கும். பதினெட்டு பாக்கெட்டையும் உருப்படியாகத் தைத்திருக்கிறேன். சும்மா மேலே ஒட்டுப் போட்டு ஏமாற்றவில்லை. பெண்பிள்ளைகள் உடுப்பில் ஒரு பாக்கெட் வைக்கவே உலகத்துக்கு மனசு வராது, என் மருமகளுக்காவது பதினெட்டு இருக்கட்டும்.

சிட்டுவுக்குப் பரீட்சை. அதனால் எழுதவில்லை. "அப்புறம் எழுதறேன் அத்தை" என்று ஓடிவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேனா பிடிக்கவே வருவதில்லை.

வெயிலில் நிறையத் தண்ணீர் குடி.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலம். நீயும் தண்ணீர் குடி, எனக்கு மட்டும் உபதேசம் பண்ணாதே.

நீ அனுப்பிய அளவை வைத்துக் காகிதத்தில் வெட்டினேன். என் பக்கத்து மிஷின்காரர் பதினாறு வருஷமாக உள்ளே இருப்பவர். எல்லோரும் அவரை மாமா என்பார்கள். எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா கோட்டு? பொடிசா இருக்கே" என்றார். என் மகளுக்கு என்றேன். காகிதக் கோட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் வெட்டியிருக்க" என்று சொல்லிவிட்டு, அதை மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கையிலும் அடியிலும் இரண்டிரண்டு இஞ்ச் உள்ளே மடித்து விடு. வளரும் பிள்ளை, அடுத்த வருஷமும் போடட்டும்.

போனில் பேசலாமே என்று கேட்பாய். கொடுக்கிற ஐந்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் நீ அழுகிறாய், இரண்டு நிமிஷம் நான் அழாதே அழாதே என்கிறேன். கடிதமே போதும். அவளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஒரே ஒரு வரி. "அப்பா, நல்லா இருக்கேன்" போதும். கூட்டத்தில் எடுத்த போட்டோவும் அனுப்பு. சுவரில் ஒட்ட அனுமதி வாங்கிவிட்டேன்.

தம்பி

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? தாமதத்துக்கு என்னைத் திட்டாதே. கூட்டம் முடியும்வரை நான் சாப்பிட்டதே நின்றுகொண்டுதான்.

கூட்டத்தைக் கேள். பெரிய மண்டபம், வாசலில் போர்வீரர்களும் பூதங்களும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள். வேற்றுக்கிரகவாசி ஒருவன் தொலைந்துபோன தன் அம்மாவை ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொல்லி அழுகிறான். ரோபோ பெண் மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்தே நின்றாள். டாக்டரின் இறக்கை மேடையில் ஜோராக விரிந்தது, மடங்கத்தான் மறுத்துவிட்டது. பக்கவாட்டாக நடந்துதான் இறங்கினார்.

சிட்டு மேடையேறியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடுமேடைக்கு வந்து ஒவ்வொரு பாக்கெட்டாகத் திறந்து ஸ்பேனர், டேப், திருப்புளி என்று எடுத்துக் காட்டினாள். கடைசிப் பாக்கெட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். மண்டபமே எழுந்து கை தட்டியது. இரண்டாம் பரிசு. "அப்பாதான் இதை வரைஞ்சது" என்று மைக்கில் சொன்னாள்.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். ஹெல்மெட் போட்டிருக்கும்போது எடுத்தது, முகம் தெரியாது. கழற்றியபோது எடுத்தவை எல்லாம் கலங்கிவிட்டன. என் போன் பழசு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, துணிக்கட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். இப்போது தலையணை உறை இல்லை. ஏதோ பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கும் வேலை வந்திருக்கிறது, அறுநூறு சட்டை. வயசுவாரியாக அளவு எழுதிய அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆறு வயசிலிருந்து பதினாலு வயசு வரைக்கும். நாளெல்லாம் அதைப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். மனப்பாடமே ஆகிவிட்டது.

போட்டோ கிடைத்தது. கோட்டு பொருத்தமாக இருக்கிறது. ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது.

தம்பி

ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

என்னப்பா ஆயிற்று உனக்கு? ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் பாதிப் பக்கம் காலி. காய்ச்சலா? யாராவது ஏதாவது சொன்னார்களா? இங்கேயும் மழை. துணி காய மறுக்கிறது, வீடெல்லாம் ஈர வாடை. ரோபோ பெண் வந்து போனாள், அடுத்த வருஷம் உட்கார முடிகிற வேஷமாகத் தைத்துத் தரச் சொன்னாள்.

போன ஞாயிறும் சிட்டு வந்தாள். வாய் ஓயாமல் பேசினாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாம். கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். உன்னை ரொம்பக் கேட்டாள்.

நீ எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத கடிதம் இது ஒன்றுதான். ஏன் தம்பி? கோபமென்றால் திட்டி எழுது. இப்படி அரைப் பக்கம் மட்டும் எழுதாதே.

சாப்பிடுகிறாய்தானே?

அக்கா

ஆகஸ்ட் 29

அக்கா,

சாப்பிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

தோள் பன்னிரண்டு, மார்பு இருபத்தைந்து, கை பதினேழு. சுவரில் இருக்கும் அட்டைப்படி அது எட்டு வயசுப் பிள்ளைக்கு. அன்றைக்கே மாமா கண்டுபிடித்துவிட்டார், எனக்குத்தான் அறுநூறு சட்டை வெட்டவேண்டியிருந்தது. அது நானே எடுத்த அளவு, அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக் கட்டில் மேல் அவளை நிற்கவைத்து இஞ்ச் டேப் பிடித்தது நான், உன் நோட்டில் எழுதிக்கொண்டது நீ. கூச்சமாக இருக்கிறதென்று நெளிந்துகொண்டே இருந்தாள், அதனால் மார்பளவை இரண்டு முறை எடுத்தேன்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயசு. கை குறைந்தது மூன்று இஞ்ச் வளர்ந்திருக்கும். போட்டோவில் கோட்டின் கை மணிக்கட்டில் கச்சிதமாக நிற்கிறது. மடித்துவிட்டதைப் பிரித்த தடம்கூட இல்லை.

மாதக்கணக்காக இதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம்தான் கேட்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் பிள்ளை யார்? என் மகள் உயிரோடு இருக்கிறாளா? அதை மட்டும் முதலில் எழுது.

தம்பி

செப்டம்பர் 5

தம்பி,

இருக்கிறாள். உயிரோடு, நல்லபடியாக இருக்கிறாள். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். மற்றதை எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் பொறு.

அக்கா

அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

போட்டோவில் இருப்பது பல் டாக்டரின் மகள். எட்டு வயசு. கோட்டு சும்மா தொங்குகிறதே என்று அவளுக்குப் போட்டுவிட்டு நான்தான் படம் எடுத்தேன். இரண்டாம் பரிசும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. நான் மேடைப்பக்கமே போகவில்லை. வாசலில் உட்கார்ந்து டாக்டரின் இறக்கையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

சிட்டு என் வீட்டுக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. தீர்ப்பு வந்து மூன்றாவது மாதம் உன் மனைவி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்று நான் பஸ் ஏற்றிவிடப் போனேன். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அந்த நாளை ஞாபகப்படுத்துற எதுவும் அவளுக்கு வேணாம். நீங்க உட்பட" என்றாள். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். சிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்க்காமலே இருந்தாள்.

அந்த மாதம்தான் நீ சாப்பாட்டை விட்டாய். ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஞாபகம் இருக்காது. சிறை ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. நர்ஸ், "ஏதாவது பேசுங்கம்மா, உங்க குரலையாவது கேக்கட்டும்" என்றார். "சிட்டு வந்திருந்தாடா. அடுத்த வருஷத்துக்கு அப்பாவ ஒரு உடுப்பு வரையச் சொன்னா" என்று வாயில் வந்தது. நீ கண்ணைத் திறந்தாய். அரை டம்ளர் பால் குடித்தாய்.

அந்த அரை டம்ளருக்காகச் சொன்னது. பிறகு நிறுத்தத் தெரியவில்லை. நீ வரைந்து அனுப்பினாய், நான் தைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று தெரியாமல் இல்லை. ஆனால் தைக்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், அவள் வரப்போகிற மாதிரியேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைப் பெருக்கிவைத்துவிட்டுக் கதவைப் பார்த்திருக்கிறேன். பைத்தியம் உனக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே.

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும். போகத்தான் துணிச்சல் இல்லை.

நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

அக்கா

அக்டோபர் 24

அக்காவுக்கு,

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாமா தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நீ சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிடப் போறதில்ல. எனக்குச் சர்க்கரை வேற இருக்கு, பாத்துக்க" என்றார். சாப்பிட்டேன். பயப்படாதே.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். மேடையில் பிஸ்கட் கடித்தாள் என்று எழுதினாயே, அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

போய் அவளைப் பார். கோட்டைப் புதிதாக வெட்டு. அட்டையில் பதினொரு வயசுக்குத் தோள் பதிமூன்றரை, மார்பு இருபத்தொன்பது, கை இருபதரை. கையிலும் அடியிலும் ஒரு இஞ்ச் கூடுதலாக விடு, அவள் என்னைப்போல நெடுநெடுவென்றுதான் வளர்ந்திருப்பாள். புதிய வரைபடம் இதோடு வைத்திருக்கிறேன். காலரை உயர்த்தியிருக்கிறேன். பெரிய பெண்ணுக்கு அது எடுப்பாக இருக்கும். அவள் கையில் கொடு. அப்பா வரைந்தது என்று சொல்லு. இந்த முறை அவள் என்ன சொன்னாளோ அதை அப்படியே எழுது.

தம்பி

நவம்பர் 27

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ உட்கார்ந்துகொண்டு படி.

கோட்டைப் பத்து நாளில் முடித்தேன். கடையில் இரண்டு நாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் உன் மனைவி ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அந்த ஆளுக்குப் பஞ்சு வைத்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்து வந்தாள். "அவளையே கேக்கறேன். சரின்னா வாங்க" என்றாள். சிட்டு சரி என்றாளாம்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கதவைத் திறந்ததே அவள்தான். உயரம் என் தோளைத் தாண்டிவிட்டது. கண்ணாடி போட்டிருக்கிறாள், முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். "வாங்க அத்தை" என்று தண்ணீர் கொடுத்தாள். படிப்பைப் பற்றிக் கேட்டேன். ஒழுங்காகப் பதில் சொன்னாள், புதிதாக வந்த டீச்சருக்குச் சொல்கிற மாதிரி.

கோட்டை எடுத்துக் காட்டினேன். அப்பா வரைந்தது என்றேன். அவள் அதைத் தொடவில்லை. பிறகு பேசினாள். நீ சொன்னபடி, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சு வரும்போது நான் இந்த மாதிரி ஒண்ணுதான் போட்டுட்டு வண்டியில உக்காந்திருந்தேன், அத்தை. தலையில ஹெல்மெட் வேற. அந்த டைல்ஸ் வேலை செய்யறவர் சைக்கிளோட விழுந்து கெடந்தாரு. நான்தான் இறங்கி ஓடினேன். அவரு என்னையே பாத்துட்டு இருந்தாரு. என்னமோ ஏதோன்னு பயந்துடப் போறாருன்னு ஹெல்மெட்டைக் கழட்டிட்டேன். அப்பவும் பாத்துட்டே இருந்தாரு. அப்பா இறங்கவே இல்ல."

உள்ளே உன் மனைவி ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

"அவங்க வீட்டுல அப்பா மன்னிப்பு கேட்டாரா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது தம்பி. இத்தனை வருஷக் கடிதங்களில் நாம் அந்த மனுஷரைப் பற்றி ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை.

"கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். உன் மனைவி கோட்டை மடித்து என் பையில் திரும்ப வைத்தாள். வாசல்வரை வந்து, "எப்பவாவது கடுதாசி போடுங்க அண்ணி. இந்த மாதிரி எதுவும் தைக்காதீங்க" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மடியில் அந்தக் கோட்டு கனத்துக்கொண்டே வந்தது. இரண்டரை வருஷமாக அவளுக்குப் பிடிக்கும் பிடிக்கும் என்று நான் தைத்துக் குவித்தது எதை என்று நினைத்துப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றைக்கூட அவளுக்கு அனுப்பவில்லை.

அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லட்டும்?

அக்கா

ஜனவரி 18

அக்காவுக்கு,

இருமல் திரும்ப வந்திருக்கிறது, மாத்திரை கொடுக்கிறார்கள். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

அவள் சொன்னது உண்மை. நான் இறங்கவில்லை. கதவு நெளிந்து மாட்டிக்கொண்டது என்று வக்கீலிடம் சொன்னேன், அவரும் கோர்ட்டில் அப்படியே சொன்னார், நீயும் நம்பினாய். கதவு நன்றாகத்தான் திறந்தது. குடித்திருந்த நாற்றம் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். என் மகள் ரோட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். முன் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியதையும் பார்த்தேன். ஏன் கழற்றினாள் என்று உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது.

இங்கே இருக்கும் கைதிகள் நலத்துறை அம்மாவிடம் போய், இறந்துபோனவர் வீட்டுக்கு எழுத வேண்டும் என்றேன். "அவர் பேரு என்ன, சொல்லுங்க, ஃபைல எடுக்கறேன்" என்றார். எனக்குத் தெரியவில்லை அக்கா. கோர்ட்டில் நூறு தடவையாவது வாசித்திருப்பார்கள். என் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தானே தேடி எடுத்துச் சொன்னார். அந்தப் பேரை இதில் எழுதவில்லை. நான் அதை எழுதுகிற முதல் காகிதம் அவர்கள் வீட்டுக்குப் போவதாக இருக்கட்டும்.

இறந்தவரின் மனைவியைக் கேட்காமல் எழுதக் கூடாதாம். ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஒரு மாதம் பதிலே இல்லை. போன வாரம்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "எழுதட்டும். படிக்கிறதும் படிக்காததும் எங்க இஷ்டம்."

நாலு தாள் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் இரண்டாவது வரியில் என் கஷ்டம் வந்துவிடுகிறது. என் சிறை, என் மகள், என் மூன்று வருஷம். இன்று ஐந்தாவது தாளில், 'உங்கள் வீட்டுக்காரரை நான் குடித்துவிட்டு வண்டி ஏற்றிக் கொன்றேன். இறங்கிக்கூடப் பார்க்கவில்லை' என்று எழுதினேன். அதற்குமேல் வரவில்லை. ஆனால் இந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

சிட்டுவுக்குப் பதில் போடு. அப்பா எழுத ஆரம்பித்திருக்கிறார் என்று மட்டும் எழுது. எழுதி முடித்துவிட்டார் என்று எழுதிவிடாதே.

தம்பி